தண்ணீரின் பிடியைத் தேடிய மெண்டலீப்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த உப்பு குழம்பில் விழுந்ததும் எங்கே போய் மறைகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சோற்றுப்பை நெருப்பினால் உருக்க வேண்டுமானால் 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அவ்வளவு உறுதியான பொருள், அடுப்பின் துணையே இல்லாமல், ஒரு குவளைத் தண்ணீரில் சில நிமிடங்களில் கரைந்து போகிறது. அதே உப்பை நல்லெண்ணெயில் போட்டால் அடியில் அப்படியே கிடக்கிறது. நெருப்புக்கே எளிதில் இளகாத உப்பு தண்ணீருக்கு மட்டும் ஏன் இளகுகிறது? இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்த அறிஞர் ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர்தாம் டிமித்ரி இவானோவிச் மெண்டலீப்.

மெண்டலீப் என்றதும் நம் வேதியியல் வகுப்பறைச் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணைதான் நினைவுக்கு வரும். அது அவருக்கு அழியாப் புகழைத் தந்தது. ஆனால் அவர் தம்மை ஈன்ற அன்னைக்குக் காணிக்கையாக்கிய நூல் தனிமங்களைப் பற்றியது அன்று. தண்ணீரில் பொருள்கள் கரைவதைப் பற்றியது. அதன் காரணத்தை அறிய அவருடைய இளமைக்குச் செல்ல வேண்டும்.

அன்னையின் உழைப்பு

மெண்டலீப் 1834-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், ரஷ்ய நாட்டின் சைபீரியப் பகுதியிலுள்ள தொபோல்ஸ்க் என்னும் ஊரில் பிறந்தார். பெரிய குடும்பம், அவர்தாம் கடைக்குட்டி. தந்தை இவான் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். மெண்டலீப் பிறந்த அதே ஆண்டில் தந்தையின் கண்பார்வை பறிபோயிற்று. வேலையும் போயிற்று. கிடைத்த சிறு ஓய்வூதியம் இத்தனை பேருக்கு எம்மட்டு?

தாய் மரியா கலங்கி உட்காரவில்லை. அவருடைய பிறந்த வீட்டாருக்கு அரெம்சியான்ஸ்க் என்னும் சிற்றூரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. அதனை நடத்தும் பொறுப்பை அவர் ஏற்றுக் கொண்டார். உலைக்களத்தையும் அடுப்பங்கரையையும் ஒருசேரக் கவனித்தார். மணலும் சோடாவும் சுண்ணாம்பும் நெருப்பில் ஒன்றாகிக் கண்ணாடியாக மாறுவதைப் பார்த்தே சிறுவன் வளர்ந்தான்.

துன்பம் தனித்து வருவதில்லை. 1847-இல் தந்தை இறந்தார். 1848-இல் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. அப்போது மெண்டலீப் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தான். வேறொரு தாயாயிருந்தால் மகனை ஏதேனும் ஒரு வேலையில் அமர்த்திவிட்டு ஓய்ந்திருப்பார். மரியா அப்படிச் செய்யவில்லை. கடைசி மகன் எப்படியும் பல்கலைக்கழகத்தில் பயில வேண்டும் என்று உறுதி பூண்டார். எஞ்சியிருந்த பொருளைத் திரட்டிக்கொண்டு, 1849-இல் மகனையும் ஒரு மகளையும் அழைத்துக்கொண்டு, 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மாஸ்கோவை நோக்கிப் புறப்பட்டார். சைபீரியாவுக்கு இரயில் பாதை வராத காலம் அது.

மாஸ்கோ பல்கலைக்கழகம் மாணவனை ஏற்கவில்லை. தொபோல்ஸ்க் மாணவர்கள் கசான் நகரப் பல்கலைக்கழகத்துக்கே உரியவர்கள் என்பது அக்கால விதி. தாய் மனம் தளரவில்லை. தலைநகரான பீட்டர்ஸ்பர்க்குக்குப் பயணத்தைத் தொடர்ந்தார். கணவர் பயின்ற ஆசிரியர் பயிற்சி நிலையம் அங்கே இருந்தது. 1850-இல் மெண்டலீப்புக்கு அதில் இடமும் உதவித் தொகையும் கிடைத்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் அன்னை கண்ணை மூடினார். தாம் மேற்கொண்ட செயல் முடிந்தது என்ற நிறைவோடு சென்றார் போலும். உடன் வந்த தமக்கையும் சிறிது காலத்தில் மறைந்தார். இளம் வயதிலேயே மெண்டலீப் அந்தப் பெருநகரில் தனித்து நின்றார்.

நூறு நூறாகாத விந்தை

மெண்டலீப் 1855-இல் முதன்மை மாணவராகத் தேறிப் பொற்பதக்கம் பெற்றார். உடல் நலிந்திருந்ததால் தெற்கே வெப்பமான பகுதிக்குச் சென்று சிறிது காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் தலைநகர் திரும்பினார். 1859 முதல் 1861 வரை ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ஆராய்ச்சி செய்தார்.

1865-இல் அவர் தம் முனைவர் பட்ட ஆய்வினை அளித்தார். சாராயமும் நீரும் கலப்பதைப் பற்றியது அந்த ஆய்வு. இங்கே சாராயம் என்பது ஆய்வுக்கூடத்தில் பயன்படும் எத்தனால். ஐம்பது மில்லி லிட்டர் எத்தனாலை ஐம்பது மில்லி லிட்டர் நீருடன் கலந்தால் நூறு மில்லி லிட்டர் வர வேண்டுமல்லவா? வருவதில்லை. ஏறத்தாழ 96 அல்லது 97 மில்லி லிட்டர்தான் வருகிறது. கலவையும் சற்றே சூடாகிறது. ஒரு துளியும் சிந்தவில்லை, ஆவியாகவும் இல்லை. மீதி எங்கே போயிற்று?

மெண்டலீப் பல்வேறு அளவுகளில் கலந்து, மிக நுட்பமாக நிறுத்துப் பார்த்தார். எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 46 பங்கு எத்தனால் இருக்கும்போதுதான் சுருக்கம் மிகுதியாக இருந்தது. ஓர் எத்தனால் மூலக்கூறுக்கு மூன்று நீர் மூலக்கூறுகள் என்று கணக்கிட்டால் இந்த அளவே வருகிறது! நீர் சும்மா இடம் கொடுக்கும் பாத்திரம் அன்று, கரையும் பொருளைத் தானே கைநீட்டிப் பற்றிக் கொள்கிறது என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அந்த எண்ணத்துக்கு உப்புகளும் சான்று தந்தன. நம் ஆய்வுக்கூடத்தில் உள்ள மயில்துத்தம் நீல நிறப் படிகம். அதைச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்கினால் நீர் வெளியேறி வெள்ளைத் தூளாகிறது. ஒரு சொட்டு நீர் விட்டால் சூடேறி மீண்டும் நீலமாகிறது. அந்தப் படிகத்தில் ஒரு பங்கு காப்பர் சல்பேட்டுடன் ஐந்து பங்கு நீர் பிணைந்துள்ளது. கெட்டியான படிகத்துக்குள்ளேயே நீர் இப்படிப் பிணைந்திருக்குமானால், கரைசலுக்குள் பிணைந்திருக்காதா? மெண்டலீப்பின் வாதம் இதுவே. உப்பு நீருடன் இவ்வாறு இணைவதையே நீரேற்றம் என்கிறோம்.

இதற்கிடையே 1869-இல் தனிம வரிசை அட்டவணையை வெளியிட்டார். அதில் அவர் காலியாக விட்ட இடங்களில் 1875-இல் காலியமும், 1879-இல் ஸ்காண்டியமும், 1886-இல் ஜெர்மானியமும் வந்து அமர்ந்தன. உலகம் வியந்தது. அக்காலத்தில் அவர் எழுதிய வேதியியல் பாடநூலிலும் முதல் அதிகாரம் தண்ணீரைப் பற்றியதே. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைத்திருந்த அந்நாளில், அவர்களுக்கென்று நடந்த உயர்கல்வி வகுப்புகளில் அவர் பாடமும் நடத்தினார். தாயின் உழைப்பால் படித்தவர் அல்லவா!

1887: இரண்டு குரல்கள்

1887-ஆம் ஆண்டு மெண்டலீப்புக்கு வயது 53. அந்த ஆகஸ்டில் முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பலூனில் ஏறினார். மழையில் நனைந்து கனத்த பலூன் இருவரைத் தூக்க மறுத்தது. ஓட்டுநரை இறக்கிவிட்டுத் தாமே தனியாகப் பறந்து, பத்திரமாகத் தரையிறங்கினார். துணிவும் பிடிவாதமும் அவருடைய உடன்பிறப்புகள்.

அதே ஆண்டில்தான் நீர்க்கரைசல்களைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. ஏராளமான கரைசல்களின் அடர்த்தியை அதில் ஆராய்ந்திருந்தார். கந்தக அமிலத்தையும் நீரையும் பல அளவுகளில் கலக்கும்போது அடர்த்தி ஒரே சீராக மாறவில்லை, சில இடங்களில் முறிந்து திரும்புகிறது என்று கண்டார். அந்த முறிவு ஒவ்வொன்றும், குறிப்பிட்ட அளவு நீருடன் சேர்ந்த ஒரு சேர்மத்தின் அடையாளம் என்று கூறினார். அந்த நூலை அன்னையின் நினைவுக்கு அர்ப்பணித்தார். தொழிற்சாலை நடத்தித் தம்மை வளர்த்ததையும், தம்மைக் கல்விக்கு ஒப்படைக்கக் கடைசிப் பொருளையும் வலிமையையும் செலவிட்டுச் சைபீரியாவை விட்டு வந்ததையும் அதில் நினைவு கூர்ந்தார். வெறுஞ் சொல்லில் மயங்காமல் உழைப்பில் நின்று உண்மையைப் பொறுமையுடன் தேட வேண்டும் என்பதே இறக்கும் தறுவாயில் அன்னை தந்த அறிவுரை என்றும் எழுதினார். அன்னை மறைந்து அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 1887-இல் ஸ்வீடன் நாட்டு இளைஞர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் வேறொரு கொள்கையைத் தெளிவாக எடுத்துரைத்தார். உப்பு நீரில் கரைந்ததும் நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் உடைய அயனிகளாகப் பிரிந்து விடுகிறது. அதனால்தான் உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது என்றார் அவர். அவரை ஆதரித்தவர்கள் நீரை ஏறக்குறைய ஒரு வெற்றிடம்போலவே கருதினர். காற்றில் வாயு பரவுவதுபோல அயனிகள் நீரில் பரவுகின்றன என்றனர்.

மெண்டலீப் இதை ஏற்கவில்லை. இவ்வளவு உறுதியான உப்பு, எவரும் பிடித்து இழுக்காமல், தானே எப்படி உடையும் என்பது அவருடைய ஐயம். நீர் பற்றிக்கொள்வதைச் சொல்லாத எந்த விளக்கமும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. மறுபுறம் அர்ஹீனியஸிடம் மின்கடத்தல் அளவீடுகள் இருந்தன. அவற்றுக்கு மெண்டலீப்பிடம் விடை இல்லை.

யார் சொன்னது சரி?

பிரிகிறது என்றார் ஒருவர். பிணைகிறது என்றார் மற்றவர். இரண்டும் எதிரெதிரானவை என்றே பலர் எண்ணினர். 1891-இல் மாஸ்கோவில் இவான் கப்லுக்கோவ் என்னும் இளம் வேதியியலார் இரண்டையும் இணைத்தார். அவர் அர்ஹீனியஸுடன் சேர்ந்து ஆய்வு செய்தவர். மெண்டலீப்பின் கருத்தையும் நன்கு அறிந்தவர். உப்பு அயனிகளாகப் பிரிகிறது. பிரிந்த அயனிகளை நீர் சூழ்ந்து பிணைத்துக் கொள்கிறது. நீர் பிணைவதாலேயே உப்பு பிரிகிறது என்றார். இன்று நாம் படிப்பது இதைத்தான்.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் உள்ளன. சோற்றுப்புப் படிகத்தின் விளிம்பில் உள்ள சோடியம் அயனியை நீரின் ஆக்சிஜன் பக்கம் இழுக்கிறது. குளோரைடு அயனியை ஹைட்ரஜன் பக்கம் இழுக்கிறது. பல மூலக்கூறுகள் ஒன்றுகூடி ஓர் அயனியைப் படிகத்திலிருந்து பெயர்த்து, சூழ்ந்து, அழைத்துச் செல்கின்றன. எண்ணெய்க்கு இத்தகைய பிடி இல்லை.

இதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். 58.5 கிராம் சோற்றுப்பைத் தனித்தனி அயனிகளாகப் பிரிக்க ஏறத்தாழ 787 கிலோ ஜூல் ஆற்றல் செலவாகிறது. அந்த அயனிகளை நீர் தழுவிக் கொள்ளும்போது ஏறத்தாழ 783 கிலோ ஜூல் வரவாகிறது. துண்டு விழுவது 4 கிலோ ஜூல் மட்டுமே. கட்டுண்ட அயனிகள் விடுபட்டுப் பரவும் இயல்பு அந்தச் சிறு குறையை ஈடு செய்கிறது. ஆகவே 100 கிராம் நீரில் 36 கிராம் உப்புக் கரைகிறது. சில்வர் குளோரைடில் துண்டு விழுவது ஏறத்தாழ 65 கிலோ ஜூல். அதனால் ஒரு லிட்டர் நீரில் சுமார் 2 மில்லி கிராம்தான் கரைகிறது. சோதனைக் குழாயில் தயிர்போல் வெண்மையாகப் படிவது அதுவே.

மெக்னீசியமும் பேரியமும் ஒரே குடும்பத்துத் தனிமங்கள். மெக்னீசியம் அயனி சிறியது. ஆகவே நீர் அதை நெருங்கி நின்று உறுதியாகப் பற்றுகிறது. பேரியம் அயனி பெரியது, பிடி தளர்கிறது. சல்பேட் அயனி மிகப் பெரியதாகையால், இரண்டு உப்புகளிலும் படிகத்தின் கட்டு அவ்வளவாக வேறுபடுவதில்லை. நீரின் பிடிதான் முடிவு செய்கிறது. பேதி உப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட், 20 டிகிரியில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 34 கிராம் கரைகிறது. பேரியம் சல்பேட்டோ கால் மில்லி கிராம் அளவே கரைகிறது. பேரியம் அயனி நஞ்சாக இருந்தும், எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளிக்குப் பேரியம் சல்பேட் கலந்த கூழை அச்சமின்றிக் கொடுப்பது அது கரையாததால்தான். ஆனால் நீர் நன்றாகப் பற்றும் உப்பெல்லாம் கரைந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஹைட்ராக்சைடு சிறிய அயனி. மெக்னீசியத்துடன் மிக இறுக்கமாகக் கட்டுண்கிறது. ஆகவே மெக்னீசியம் ஹைட்ராக்சைடு எளிதில் கரைவதில்லை. பேரியம் ஹைட்ராக்சைடு கரைகிறது. படிகத்தின் கட்டு ஒரு பக்கம், நீரின் பிடி மறுபக்கம். இந்தக் கயிறு இழுக்கும் போட்டியில் வெல்வது எதுவோ அதுவே கரைதிறனைத் தீர்மானிக்கிறது.

படிகத்துக்குள் உள்ள நீரும் கரைதிறனை மாற்றும். கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டில் ஒரு பங்கு உப்புக்குப் பத்துப் பங்கு நீர் உண்டு. நீரற்ற உப்பாகக் கணக்கிட்டால், 100 கிராம் நீரில் இது 0 டிகிரியில் ஏறத்தாழ 5 கிராம், 20 டிகிரியில் 19 கிராம், 32.4 டிகிரியில் 50 கிராம் கரைகிறது. அதற்கு மேல் சூடாக்கினால் இன்னும் கூடும் என்று எதிர்பார்ப்போம். மாறாகக் குறைகிறது! 100 டிகிரியில் 42 கிராம் அளவே கரைகிறது. 32.4 டிகிரிக்கு மேல் படிகம் தன் நீரை இழந்துவிடுவதே காரணம். ஏற்கெனவே நீரேறிய படிகம் கரையும்போது வெப்பத்தை உட்கொள்கிறது. ஆகவே சூடு அதற்குத் துணை. நீரற்ற உப்போ கரையும்போதுதான் நீரைப் பற்றி வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆகவே சூடு அதற்குத் தடை. காஸ்பியன் கடலை ஒட்டிய காராபொகஸ்கோல் என்னும் உப்பங்கழியில், குளிர்காலத்தில் நீர் குளிர்ந்ததும் இந்தக் கிளாபர் உப்பு தானாகவே படிகமாகப் படியும்.

இறுதி நாட்கள்

1890-இல் மாணவர்களின் கோரிக்கை மனு ஒன்றை மெண்டலீப் கல்வி அமைச்சரிடம் கொண்டு சென்றார். அமைச்சர் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பினார். மெண்டலீப் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்தார். பின்னர் நாட்டின் எடைகள், அளவைகள் நிலையத்தின் தலைவராகப் பணிபுரிந்தார். 1905-இல் இலண்டன் ராயல் கழகம் அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது. 1906-இல் நோபல் பரிசுக் குழு அவர் பெயரைப் பரிந்துரைத்தது. ஆயினும் ஸ்வீடன் அறிவியல் கழகம் அவ்வாண்டுப் பரிசைப் பிரெஞ்சு அறிஞர் மொய்சானுக்கு அளித்தது. 1903-இல் அதே பரிசைப் பெற்றிருந்த அர்ஹீனியஸின் எதிர்ப்பும் இதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். 1907 பிப்ரவரி 2-ஆம் நாள் மெண்டலீப் மறைந்தார். 1955-இல் கண்டறிந்த 101-ஆம் தனிமத்துக்கு மெண்டலீவியம் என்று பெயரிட்டனர்.

கரைசல்களைப் பற்றி அவர் கூறிய அனைத்தும் நிலைக்கவில்லை. அவர் கண்ட அடர்த்தி முறிவுகள் எல்லாவற்றையும் பிற்கால அளவீடுகள் உறுதி செய்யவில்லை. கரைசலில் அயனிகள் உள்ளன என்பதை அவர் ஒப்பாதது அவருக்குக் குறையே. சோடியம் அயனியைச் சூழும் நீர் மூலக்கூறுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் எத்தனையோ கோடி முறை இடம் மாறுகின்றன; அதை நிலையான சேர்மம் என்று கூற முடியாது. ஆனால் 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர்கள் ஹண்ட், தௌபே இருவரும் குரோமியம் அயனியை ஆராய்ந்தனர். அது ஆறு நீர் மூலக்கூறுகளைக் கரைசலுக்குள்ளேயே நாள் கணக்கில் விடாமல் பற்றியிருப்பதைக் கண்டனர். மெண்டலீப் தேடிய சேர்மம் கற்பனையன்று!

தாம் கண்டதை அஞ்சாமல் கூறிய மெண்டலீப்பின் உறுதியை நாம் போற்றுவோம். எதிராளி கண்டதிலும் உண்மை இருக்கக்கூடும் என்பதைக் கப்லுக்கோவிடமிருந்து கற்போம். பாதி உண்மையை வைத்திருந்த இருவர் நெடுங்காலம் மோதினர். இரண்டையும் பொறுமையுடன் சேர்த்துப் பார்த்தபோதே உப்பு கரையும் மருமம் விளங்கியது. பொறுமையுடன் உண்மையைத் தேடு என்று அந்தச் சைபீரியத் தாய் சொன்னது தம் மகனுக்கு மட்டுமன்று. ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயைக் கையில் ஏந்தும் மாணவியராகிய நமக்கும் பொருந்தும்.